கார்த்திகை முடிவதற்குள் ஒரு ஹைப்ரிட்

எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் என் கணவர் முதலில் செய்த காரியம், கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்ததுதான். "ரொம்ப சந்தோஷம்" என்று வாயால் சொன்னார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லும்போதே கை மவுஸைத் தேடிப் போய்விட்டது. எனக்கு ஒரு கார் வேண்டும், காரை அவர் தேர்ந்தெடுப்பார். அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் ஒன்றில் இருந்தோம். நான் ஈரோட்டுக்காரி. நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு கல்லூரியில் மூன்று வருடம் பாடம் நடத்திவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். வந்தது எச்-4 விசாவில். கணவன் வேலை பார்க்கலாம், மனைவி பார்க்கக் கூடாது. அந்த விசாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆறு வருடம் சட்டப்படி சும்மா இருந்தேன். சமைத்தேன், பிள்ளை பெற்றேன், நூலகத்திலிருந்து பாடப்புத்தகங்களை எடுத்துவந்து யாரும் கேட்காத பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். பிறகு ஒரு வருடம் ஜூலையில் கிரீன் கார்டு வரிசை எல்லாருக்கும் திடீரென்று திறந்துவிட்டது. விண்ணப்பத்துக்காகத் தெரிந்தவர்களோடு நாங்களும் ஊசி போட்டுக்கொள்ளவும் போட்டோ எடுக்கவும் ஓடினோம். இலையுதிர் காலத்தில் என் பெயர் போட்ட வேலை அனுமதி அட்டை தபாலில் வந்தது. நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்னால் வேலையும் வந்தது.

அது ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடம். வீட்டுக் கிணறுகளிலிருந்தும் பள்ளிக்கூடக் குழாய்களிலிருந்தும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். அதைத் தட்டுகளில் ஊற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்து, குறித்த மணி நேரம் ஆனதும் எடுத்து, எத்தனை கிருமிகள் வளர்ந்திருக்கின்றன என்று எண்ணவேண்டும். நேரம் தவறினால் அந்தத் தட்டு செல்லாது. மறுபடியும் வாடிக்கையாளரிடம் போய்த் தண்ணீர் கேட்டு நிற்கவேண்டும். காலை ஆறரைக்கு வந்து தட்டு எண்ணும் ஆளாக என்னை எடுத்திருந்தார்கள். ஜனவரி முதல் வாரம் சேரவேண்டும். முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலம், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலேயே அனுப்பலாம்.

கூடம் எங்கள் வீட்டிலிருந்து வடமேற்கே முப்பது மைல். கடைசி இரண்டு மைல் மலை ஏற்றம். இரண்டு பக்கமும் மரங்கள், வெயில் படாத ரோடு. நேர்முகத்தின்போது என் மேலாளர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பேச்சோடு பேச்சாக "நீ என்ன வண்டி ஓட்டுகிறாய்?" என்று கேட்டார். சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். வெளியே நின்ற அத்தனையும் நான்கு சக்கரமும் இழுக்கும் உயரமான வண்டிகள். "இங்கே ஜனவரியும் பிப்ரவரியும் வேறு மாதிரி" என்றார். வீட்டுக்கு வந்து இதைக் கணவரிடம் சொன்னேன்.

"நோட் பண்ணிக்கறேன்" என்றார்.

அவருடைய ஷீட்டில் மைலேஜுக்கு ஒரு கட்டம், மறுவிற்பனைக்கு ஒரு கட்டம், பேட்டரி வாரன்டிக்கு ஒன்று, கப் ஹோல்டருக்குக்கூட ஒன்று இருந்தது. மலைக்கு ஒன்றும் இல்லை. ஹைப்ரிட்தான் என்பது ஷீட்டைத் திறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. பாதி பெட்ரோலிலும் பாதி பேட்டரியிலும் ஓடும் அந்த வண்டியை அவருடைய ஆபீசில் மூன்று பேர் வாங்கியிருந்தார்கள், மூன்று பேரும் தமிழர்கள். நாலாவது ஆளாகச் சேராவிட்டால் மதியச் சாப்பாட்டு மேசையில் பேச விஷயம் இருக்காது. கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருந்த கல்லூரி நண்பருக்கு போன் போட்டு அரைமணி நேரம் ஆலோசனை கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சூப்பர் வண்டிடா. கண்ண மூடிட்டு வாங்கு. ரெண்டு வருஷமா ஓட்டறேன், ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. வின்டர்ல ஏசி கூட போட மாட்டேன்."

வின்டர் என்று ஒன்று தன் ஊரில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த வாக்குமூலம் ஷீட்டில் 'குளிர்காலம் - ஓகே' என்று ஏறியது.

நானும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை வற்புறுத்தி அழைத்துப்போய், நான்கு சக்கரமும் இழுக்கும் ஹைப்ரிட் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் உயரம், கொஞ்சம் கனம். ஹைப்ரிட் என்ற பெருமை அவருக்கும், மலை ஏறும் என்ற நிம்மதி எனக்கும் கிடைக்கும் வண்டி. அவருக்கே பிடித்துவிட்டது. கைவசம் இல்லை, ஜனவரி இரண்டாவது வாரம் வரும் என்றார் கடைக்காரர். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது காரில் நான் பாட்டுப் பாடினேன். ஆறு வருடத்தில் நான் கேட்ட ஒன்று கேட்டபடியே நடந்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

மறுநாள் வழக்கம்போல் மாமியாருடன் ஞாயிற்றுக்கிழமை போன். வண்டி ஜனவரியில் வருகிறது என்று இவர் சொன்னதும் மாமியார் குரலை உயர்த்தினார்.

"மார்கழில யாராச்சு வண்டி எடுப்பாங்களா சாமி? கார்த்திகைக்குள்ளயே எடுத்துப் போடுங்க. அவ ஓட்டற வண்டி வேற."

என் கணவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அதை அவரே பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார். "எனக்கு பிலீஃப் இல்ல. ஆனா அம்மா மனசு கஷ்டப்படும்ல" என்றார். இதைவிட வசதியான கொள்கை உலகத்தில் இல்லை. நம்புகிறவரிடமாவது சண்டை போடலாம்.

வழி இல்லாமல் இல்லை. வண்டி வந்தாலும் கடையிலேயே நிற்கட்டும், தை பிறந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நான் வேலையில் சேரும் நாளிலிருந்து பொங்கல் வரை இரண்டு வாரத்துக்கும் குறைவுதான். அதுவரை அவருடைய பழைய காரை நான் எடுத்துப்போகிறேன். அவருக்கு ஆபீஸ் பதினைந்து நிமிட தூரம். அதே ஆபீசில் வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். தினமும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புவார்.

"ரெண்டு வாரம் அவருகூட போயிக்கலாமுங்களே" என்றேன்.

"ஒருத்தர் கிட்ட போயி ரைடு கேட்டு நிக்கச் சொல்றியா? எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

ஆறு வருடமாகக் கறிவேப்பிலை வாங்கக்கூட அடுத்தவர் வீட்டு அம்மாவிடம் ரைடு கேட்டு நின்றவளிடம் அவர் இதைச் சொன்னார். அவருக்கு அது உறைக்கவே இல்லை. நானும் சொல்லிக்காட்டவில்லை.

பிறகு நாள் பார்க்கும் படலம். திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நியூ ஜெர்சியில் கார் விற்கச் சட்டமே இடம் கொடுக்காது, எல்லாக் கடையும் பூட்டியிருக்கும். சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. ஆக, வெள்ளிக்கிழமை. அதிலும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். நம்பிக்கை இல்லாத என் கணவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, பன்னிரண்டு மணி தாண்டட்டும் என்று கடை வாசலில் என்னைக் காருக்குள் உட்காரவைத்துக் காத்திருந்தார். எழுதிக் கொடுத்த வண்டியை ரத்து செய்தாயிற்று, கடையில் அன்றைக்குக் கைவசம் இருந்த ஹைப்ரிட் ஒன்றே ஒன்று. தரையோடு ஒட்டிய சின்ன வண்டி, முன் சக்கரம் மட்டும் இழுப்பது, பழுப்பு நிறம்.

கடையில் எங்களைக் கவனித்தவர் ஒரு கறுப்பினப் பெரியவர். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், யார் ஓட்டப்போகிறீர்கள், எங்கே போகவேண்டும் என்று. நான் சொன்னேன். அந்த ரோடு அவருக்குத் தெரிந்திருந்தது. "அப்படியானால் இதற்குப் பனி டயர் போட்டுவிடுங்கள். இதில் இருக்கும் டயர் மைலேஜுக்காகச் செய்தது, பனிக்காக இல்லை" என்றார். என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பெரியவர் அந்தப் பக்கம் போனதும் தமிழில், "அவனுக்கு டயர் விக்கணும், அதான்" என்றார். வேண்டுமென்றால் வேறு கடையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னதை இவர் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை கோயிலில் வாகன பூஜை. எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள், எல்லாம் மார்கழிக்குப் பயந்தவை. ஐயர் நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார். நான்கு பழமும் நசுங்கின. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற அந்த வண்டிக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

ஜனவரியில் வேலைக்குப் போனேன். முதல் மூன்று வாரம் ரோடு காய்ந்திருந்தது. விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்பி, தனியாக, எனக்குப் பிடித்த வேகத்தில், யாருக்கும் பதில் சொல்லாமல் முப்பது மைல். தட்டுகளை வரிசையாக வைத்து எண்ண உட்கார்ந்தபோது என் கை ஒன்றையும் மறக்கவில்லை என்று தெரிந்தது. மூன்றாம் நாளே மேலாளர் அம்மாள் என் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதை நிறுத்திவிட்டார். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல்லை நான் அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறவள் இல்லை.

வீட்டில் வேறொரு கவலை. வண்டியின் திரையில் சராசரி மைலேஜ் காட்டும். நான் வந்து நிறுத்தியதும் அவர் கராஜுக்குப் போய் அதைத்தான் பார்ப்பார். குளிரில் அந்த வண்டி பேட்டரியில் ஓடுவது குறைவு. ஹீட்டர் சூடாகவேண்டுமென்றாலே பெட்ரோல் இன்ஜின் ஓடியாகவேண்டும். சன்னிவேல் நண்பர் சொன்ன மைலேஜில் முக்கால்வாசிகூட வரவில்லை.

"நீ எப்படி டிரைவ் பண்ற? ஹீட்டர கொறச்சு வெச்சுப் பாரு. க்ளவுஸ் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அதையும் செய்தேன். தண்ணீர் உறையும் குளிரில் கோட்டும் குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு, மூச்சு பட்டு மங்கிய கண்ணாடியை ஒரு கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். மைலேஜ் ஒரு புள்ளி ஏறியது. அன்று அவர் ஆபீசில் அதைச் சொல்லியிருப்பார்.

ஜனவரி கடைசியில் முதல் பனி. இரவே பெய்து நின்றுவிட்டது, அதன்மேல் விடியற்காலையில் மழை விழுந்து உறைந்திருந்தது. பெரிய ரோடுகளில் உப்புப் போட்டிருந்தார்கள், போய்விட்டேன். மலை தொடங்கும் இடத்தில் வண்டி மெதுவானது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். திரையில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது, அவ்வளவுதான். சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்தால் மோட்டாரைத் தானே அடக்கிவிடும்படி அந்த வண்டியைச் செய்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நான் மிதிக்க மிதிக்க அது 'வேண்டாம்' என்று என் காலை மதிக்காமல் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் இறங்க ஆரம்பித்தது. பின்னால் மண் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. உயிர் போய் உயிர் வந்தது. லாரிக்காரர் தன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து, என் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கிவிட்டார். ரோடு சுத்தமாகி நான் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். இருபத்தாறு தட்டுகள் செல்லாமல் போயின. மேலாளர் அம்மாள் திட்டவில்லை. "டயரை மாற்று" என்றார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். லாரியைப் பற்றியும் சொன்னேன்.

"டயர்லயே ஆல் சீசன்னு போட்டிருக்கே. நீ பிரேக் அடிச்சிருப்ப."

"ஏறும்போது யாருங்க பிரேக் அடிப்பாங்க?"

"சரி, ரிசர்ச் பண்றேன். பனி டயர் போட்டா மைலேஜ் இன்னும் விழும். கழட்டற நாலு டயர எங்க வெக்கறது? ரெண்டு மாசத்துக்கு இதெல்லாம் தேவையான்னு பாக்கணும்."

இரண்டாவது ஷீட் ஒன்று திறக்கப்பட்டது. இங்கே நான் என்னையும் விடப்போவதில்லை. நானே ஒரு கடைக்குப் போய் டயர் மாட்டியிருக்கலாம். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, கார்டு இருந்தது, என் சம்பளமும் வர ஆரம்பித்திருந்தது. வழியில் இரண்டு டயர் கடைகளைத் தினமும் தாண்டித்தான் போனேன். ஒரு நாள் ஒரு கடைக்குள் வண்டியைத் திருப்பக்கூடச் செய்தேன். உள்ளே போய், 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். தண்ணீரில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவள், நாலு டயருக்கு வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். இதற்கு விசாவைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பனிக்கு நான் தயாராக இருந்தேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பி, மலையடிவாரத்தில் ஒரு சர்ச்சின் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே ஏறினேன். இரண்டு மைல். இரண்டு தடவை விழுந்தேன். ஏழு மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி என் தட்டுகளில் பாதியை எண்ணிக்கொண்டிருந்தாள். எழுந்து இடம் விட்டாள். என் முழங்காலிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியதை அவள் பேப்பர் போட்டுத் துடைத்தது எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாவது, பிப்ரவரியில். முதல் நாள் மதியத்திலிருந்தே டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணவர் தன் ஆபீசுக்கு மெயில் போட்டுவிட்டார், நாளைக்கு வீட்டிலிருந்தே வேலை என்று. மகளுக்குப் பள்ளி விடுமுறை. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கராஜ் கதவில் பாதி உயரம் பனி. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைச் சுத்தம் செய்தேன். சர்ச்சில் வண்டியை விட்டு நடக்கலாம் என்றால் சர்ச் வரைக்கும்கூடப் போகமுடியாது என்று டிரைவ்வேயிலேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் விளக்கு அங்கேயே மினுக்கியது.

உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றாமல் நின்றேன். ஆறு வயது மகள் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னாள்.

"யூ கேன் ஜஸ்ட் ஸ்டே ஹோம், அம்மா. லைக் பிஃபோர்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மேலாளர் அம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். உன் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் எனக்கு ஆறரை மணிக்கு ஆள் வேண்டும் என்றார். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது, என்னுடையது கலங்கவில்லை. சரியான முடிவு என்றுதான் எனக்கே பட்டது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

வீட்டில் சொன்னேன். அவர் திறந்திருந்த ஷீட்டை மூடினார். பிறகு, "விடு, ரொம்ப தூரம். பக்கத்துலயே பாத்துக்கலாம்" என்றார். என் தோளைத் தட்டினார். அம்மாவுக்கு போன் போட்டபோது, "அவளுக்கு அந்த டிரைவ் செட் ஆகலம்மா, விட்டுட்டா" என்றார். நான் விட்டுவிட்டேனாம். கோயிலில் பார்க்கிறவர்களிடமும் அதையே சொன்னார். நானும் அவர் சொன்னதைத் திருத்தவில்லை. பத்துப் பேர் நடுவில் ஆம்பளையைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று வளர்த்துவிட்டிருந்தார்களே.

பக்கத்தில் பார்க்க ஆரம்பித்த சமயத்தில் நாட்டின் பொருளாதாரமே படுத்துவிட்டது. வேலையில் இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஏழு வாரம் மட்டும் நின்ற அனுபவத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டால் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, ஏன் ஏழே வாரத்தில் போய்விட்டாய் என்பது. காரணம் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளில் விண்ணப்பம் போடுவதும் நின்றது.

அடுத்த வருடம் குளிர் முடியும் நேரத்தில் டெக்சாஸிலிருந்து ஒரு இளம் தம்பதி எங்கள் காம்ப்ளெக்ஸுக்குக் குடிவந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது, அவளுக்கு ஒரு கார் பார்க்கவேண்டும். பையன் என் கணவரிடம் கேட்டான்.

"ஹைப்ரிட் எடுக்கலாமாண்ணா? ஸ்னோல ஓட்ட முடியுமா? எங்களுக்கு ஸ்னோன்னா என்னன்னே தெரியாது."

"தாராளமா எடுங்க. இந்த வின்டர் முழுக்க ஒரு நாள்கூட ப்ராப்ளம் வரல. ஷீட் இருக்கு, அனுப்பறேன்" என்றார் என் கணவர். மனதாரத்தான் சொன்னார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் ஓட்டறீங்களாக்கா? பனியில எப்படி இருக்கு?"

கையில் ரசக் கிண்ணம் இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

"அவர் சொல்றது நெசந்தாம்மா. பனி பெஞ்சா நான் வண்டிய வெளிய எடுக்கறதே இல்ல. எனக்குப் போறதுக்கு எடமும் இல்ல."

"அதான். சேஃப்டி ஃபர்ஸ்ட்" என்று என் கணவர் சிரித்தார். பையனும் சேர்ந்து சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை.